கன்ட்ரி பிடில் கலைஞரின் முதல் தனி ஆல்பம்: மூன்று நாள் ஸ்டுடியோ, 12 டியூன். எங்கே கவனம் வைக்க வேண்டும்?

நான்காம்தடம் கேட்டது:

வணக்கம். கன்ட்ரி பாடகர்களுக்குப் பின்னால் பல ஆண்டுகள் பிடில் வாசித்த ஒருவருடைய முதல் தனி ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வெளியிடுவது டென்னசியில் உள்ள ஒரு சின்ன சுயாதீன லேபிள். 500 சிடி, 300 எல்பி (இசைத்தட்டு), அதோடு ஸ்ட்ரீமிங். ஸ்டுடியோ மூன்று நாள்தான். கூட வாசிப்பவர்கள் கிட்டார், பாஞ்சோ, மாண்டலின், நின்று வாசிக்கும் பெரிய பாஸ். டிரம்ஸ் இல்லை.

பட்டியலில் 12 டியூன். அவற்றில் மூன்று (நான்கு கம்பிகளையும் கீழிருந்து மேலாகச் சொன்னால்) ஏ-இ-ஏ-இ சுருதியில், ஒன்று டி-டி-ஏ-டி. மிச்சமெல்லாம் வழக்கமான ஜி-டி-ஏ-இ. சந்தேகங்கள் இவை: ஒரே வாத்தியம் 40 நிமிடம் கேட்டால் சலிப்புத் தட்டாதா? சுருதி மாற்றும்போது கம்பி நிற்காமல் நழுவுவதை எப்படிச் சமாளிப்பது? வில்லின் கரகரப்பு இல்லாமல் மைக் எங்கே வைப்பது? எல்லாரும் ஒரே அறையில் வாசிக்கலாமா, தனித்தனியாகப் பதிய வேண்டுமா? பழைய டியூன்களுக்கு உரிமம் வேண்டுமா?

பக்கவாத்தியம்:

மைக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். இந்த ஆல்பம் தேறுவதும் தேறாததும் அங்கேதான்.

கன்ட்ரி பாட்டில் பிடிலுக்குக் கிடைப்பது தொடக்கத்தில் நான்கு பார் (சில தட்டு கொண்ட தாள அளவு), நடுவில் எட்டோ பதினாறோ பார், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகள். 1950களில் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் டாமி ஜாக்சன் வாசித்ததைக் கேட்டால் அந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிய கலை என்பது புரியும். பல ஆண்டு இப்படி வாசித்தவரின் கை, எட்டு பாருக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடப் பழகியிருக்கும். தனி ஆல்பத்தில் அதே பழக்கம் எதிரியாகிவிடும். முதல் சுற்றிலேயே மெட்டை உடைத்து அலங்காரம் செய்தால், மூன்றாம் சுற்றில் வாசிக்க ஒன்றும் மிஞ்சாது. நம்மூரில் பக்கவாத்தியமாக உட்கார்ந்தே பழகிய வயலின் கலைஞர் தனிக்கச்சேரி செய்யும்போது ராகத்தை நிதானமாக நிறுத்த வேண்டியிருக்கிறதே, அதே சங்கதிதான். முதல் சுற்று மெட்டு மட்டும், அலங்காரமே இல்லாமல். இரண்டாம் சுற்றில் வில் வீச்சை மாற்றலாம். இரட்டைக் கம்பி, மேல் ஸ்தாயி எல்லாம் அதற்குப் பிறகு.

நீளத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். ஒரு பிடில் டியூன் பொதுவாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் எட்டு பார், ஒவ்வொன்றும் இருமுறை. மொத்தம் 32 பார். பாருக்கு இரண்டு தட்டு என்றால் 64 தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 32 நொடி. ஐந்து சுற்று வாசித்தால் 2 நிமிடம் 40 நொடி. அதற்குள் பாஞ்சோவுக்கு ஒரு சுற்று, மாண்டலினுக்கு ஒன்று கொடுத்தால் பிடிலுக்கு மூன்று. அது போதும். ஏழு சுற்றுக்குப் போவதென்றால் ஏழாவதில் சொல்லப் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்.

சலிப்புக்கு மருந்து கூட்டணியை மாற்றுவது. 12-ல் ஐந்தாறுக்கு மட்டும் முழுக் குழு போதும். ஒன்று பிடிலும் பாஞ்சோவும் மட்டும், தென் மாநிலங்களின் பழைய நடன ஜோடி அது. ஒன்று இரட்டைப் பிடில். ஒரு வால்ட்ஸ் (மூன்று தட்டு நடன மெட்டு). ஒரு மெதுவான டியூன். ஒன்றைத் தனியாக, துணையே இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். எக் ராபர்ட்சன் 1922-ல் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக 'சாலி குடன்' டியூனைத் தன்னந்தனியாக வாசித்துப் பதிந்தார். ஒரே மெட்டை விதவிதமாகத் திருப்பித் திருப்பி மூன்று நிமிடம். நூறு ஆண்டு கழித்தும் பிடில்காரர்கள் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். லேபிள்காரர் தயங்கினாலும் தனி டியூன் ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாட்டு சேர்ப்பதா வேண்டாமா என்பதையும் லேபிளிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அலிசன் கிராஸ் 1987-ல் ரவுண்டர் லேபிளில் கொண்டுவந்த முதல் ஆல்பத்தில் பாட்டுதான் பெரும்பங்கு. கென்னி பேக்கர் கவுண்டி லேபிளுக்குச் செய்தவை பிடில் ஆல்பங்கள். இரண்டுமே நல்ல வழிதான். ஆனால் பாடத் தெரியாதவரைக் கடைசி நாள் இரண்டு பாட்டு பாட வைப்பது எந்த வழியிலும் சேராது.

குதிரைசாயும்:

சுருதிக் கேள்விக்கு வருகிறேன். ஏ-இ-ஏ-இ என்பது நம் வயலினின் ஸ-ப-ஸ-ப தான். டி-டி-ஏ-டி என்றால் ஸ-ஸ-ப-ஸ, கீழிருந்து மேலாக. அதனால் இந்தச் சுருதிகளின் இனிமை ஏன் வருகிறது என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திறந்த கம்பிகள் ஒத்து அதிர்ந்து ஆதார சுருதியாக நிற்கின்றன.

சிக்கல் இழுவிசையில் இருக்கிறது. வழக்கமான சுருதியிலிருந்து ஏ-இ-ஏ-இக்குப் போக, கீழ் இரண்டு கம்பிகளையும் ஒரு முழு சுரம் ஏற்றுகிறோம். சுரம் ஏறும் விகிதத்தின் வர்க்கமாக இழுவிசை கூடும். ஒரு முழு சுரத்துக்கு ஏறக்குறைய 26 சதவீதம். அந்தக் கூடுதல் விசை குதிரையையும் (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) மேல் பலகையையும் அழுத்துவதால், ஏற்றாத மேல் இரண்டு கம்பிகளும் சற்றே இறங்கிவிடும். அவற்றைச் சரிசெய்தால் கீழ்க்கம்பிகள் மறுபடி நகரும். இரண்டு மூன்று சுற்று சரிபார்த்தால்தான் நிற்கும். பிரடையை (கம்பியை முறுக்கும் ஆணி) திருப்பும்போது கம்பி குதிரையின் உச்சியைத் தன்னோடு விரல்பலகைப் பக்கம் இழுத்துச் சாய்க்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குதிரையின் வால் பக்க முகம் நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பார்க்காமல் விட்டால் மதியத்துக்குள் குதிரை விழும். குதிரை விழுந்தால் உள்ளே இருக்கும் ஒலித்தண்டும் நகரலாம். அன்றைய வேலை அதோடு போயிற்று. கம்பி நழுவாமல் ஓட, குதிரையின் காடியிலும் மேல் நட்டின் காடியிலும் மெல்லிய பென்சில் முனையால் கரி தேயுங்கள்.

செய்ய வேண்டியது: இரண்டாவது பிடில் ஒன்றை முந்தின நாள் மாலையே ஏ-இ-ஏ-இயில் ஏற்றி வைத்துவிடுங்கள். இரவு முழுதும் இழுவிசையில் நின்ற கம்பி காலையில் அதிகம் நகராது. அந்த மூன்று டியூனையும் ஒரே அரை நாளில் முடித்துவிடுங்கள். ஸ்டீல் உள்ளீடு கொண்ட கம்பியாக இருந்தால் சீக்கிரம் நிலைக்கும். செயற்கை இழை உள்ளீடு என்றால் நிலைக்க நேரம் எடுக்கும். ஸ்டீல் என்றால் நான்கு கம்பிக்கும் ஃபைன் டியூனர் வேண்டும்.

டி-டி-ஏ-டியில் நேர் எதிர்ச் சிக்கல். ஜி கம்பி இரண்டரை முழு சுரம் இறங்கி டி ஆகிறது, இழுவிசை கிட்டத்தட்ட 44 சதவீதம் குறைகிறது. கம்பி தொளதொளவென்று ஆடும். வில்லை அழுத்தினால் ஒலி எழும் கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். மைக்கில் இது தெளிவாகக் கேட்கும். கனமான ஜி கம்பி போடுங்கள், வில் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இந்த டியூனை நாளின் கடைசியில் வையுங்கள். இறக்கிய கம்பியைத் திரும்ப ஏற்றிய உடனே வேறு டியூன் பதிய முடியாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஏ-இ-ஏ-இயில் ஆதார சுருதி ஒலிக்கும்போது பிடில்காரர் சி ஷார்ப்பை, அதாவது அந்தர காந்தாரத்தை, காதால் வைப்பார். அது கிட்டார் கட்டையில் (ஃப்ரெட்) உள்ள சி ஷார்ப்பைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) கீழே நிற்கும். கிட்டார் அந்த சுரத்தை அடித்தால் பிடில் சுருதி சேராத மாதிரி கேட்கும். தவறு பிடிலில் இல்லை. கிட்டார் இரண்டாம் கட்டையில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) போட்டு ஜி வடிவம் பிடிக்கும்போது, ஐந்தாம் கம்பியை அமுக்கி மௌனமாக்கி, இரண்டாம் கம்பியை மூன்றாம் கட்டையில் பிடித்தால் காந்தாரமே வராது. வெறும் ஸ-ப தான் ஒலிக்கும். பிடில் உடனே விரிந்து கேட்கும். சுருதி திருத்தும் மென்பொருளை இந்த ஆல்பத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம். காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அவற்றின் சிறிய, பெரிய வடிவங்களுக்கு நடுவில் வைப்பது இந்த இசையின் பேச்சு வழக்கு. அதைத் திருத்துவது கமகத்தைத் திருத்துவது மாதிரி.

ரிப்பன்44:

மைக்: கரகரப்பு வருவது பெரும்பாலும் மைக் கிட்டே இருப்பதால்தான். ரோசின் சத்தம் கம்பியருகே பிறந்து சில அங்குலத்தில் கரைந்துவிடும். பிடிலின் உடல் ஒலி சேர்ந்து ஒன்றாக உருவாக இடைவெளி வேண்டும். 60 முதல் 75 செ.மீ. தூரத்தில், பிடிலுக்கு மேலிருந்து சாய்வாக, விரல்பலகையின் முனைக்கும் குதிரைக்கும் நடுவே பார்க்கும்படி வையுங்கள். வில் இழுக்கும் கோட்டுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள்.

தூரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிடில்காரர் அசையாமல் வாசிக்கவே மாட்டார், அசையாதே என்று சொல்லவும் கூடாது. மைக் 20 செ.மீ.யில் இருக்கும்போது அவர் 10 செ.மீ. பின்னால் போனால் ஒலி 3.5 டெசிபெல் குறையும். 60 செ.மீ.யில் அதே அசைவுக்கு 1.3 டெசிபெல்தான். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் செய்ய வேண்டிய வேலையை தூரமே செய்துவிடுகிறது.

ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடா அதிர்ந்து ஒலியைப் பிடிப்பது) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ராயர் ஆர்-121, கோல்ஸ் 4038, ஏஇஏ ஆர்84 எதுவானாலும் மேல் அலைவரிசை மிருதுவாக இறங்கும். 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை பிடில் காதைக் கிழிக்கும் இடம் அடங்கி நிற்கும். ஆனால் சாதாரண ரிப்பன் மைக்கின் வெளியீடு மிகக் குறைவு. மெதுவான டியூனுக்கு ப்ரீஆம்பில் (மைக் ஒலியைப் பெருக்கும் கருவி) 60 டெசிபெலுக்கு மேல் கெயின் (பெருக்கம்) தேவைப்படும். ப்ரீஆம்ப் இரைச்சல் உள்ளதென்றால் அந்த இரைச்சல்தான் முதலில் கேட்கும். பழைய ரிப்பன் மைக்குகளுக்கு ஃபான்டம் மின்சாரம் (கேபிள் வழியே மைக்குக்குப் போவது) போகாமல் அணைத்துவிட்டு, அதற்குப் பிறகே கேபிளைச் செருகுங்கள். தவறாக இணைத்த கேபிள் ஒன்று போதும், ரிப்பன் நீண்டு கெட்டுவிடும்.

அறைக் கூரையையும் பாருங்கள். கூரை எட்டு அடி, அதாவது 2.4 மீட்டர் என்றால், நின்று வாசிப்பவருக்கு மேலே வைத்த மைக்குக்கும் கூரைக்கும் இடையே அரை மீட்டர்கூட இருக்காது. எதிரொலி உடனே திரும்பி வந்து மூக்கடைத்த ஒலி கொடுக்கும். ஈக்வலைசரால் அது தீராது. 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வூல் பலகை ஒன்றை மைக்குக்கு மேலே தொங்கவிடுங்கள், அல்லது அவரை உட்கார வைத்து மைக்கை இறக்குங்கள்.

ஒரே அறையா என்று கேட்டீர்கள். ஒரே அறைதான். ரிப்பன் மைக் முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கவாட்டிலும் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தில் கிட்டாரையும் மாண்டலினையும் உட்கார வைத்தால் கசிவு (ஒரு வாத்தியத்தின் ஒலி இன்னொன்றின் மைக்கில் நுழைவது) பெருமளவு குறையும். பாஞ்சோவுக்கு மட்டும் நடுவே ஒரு தடுப்பு. அரைவட்டமாக, ஒருவர் கையை மற்றவர் பார்க்கும்படி.

தடுப்புச்சுவர்:

ரிப்பன்44 சொன்னதில் மைக் பகுதியை அப்படியே ஏற்கிறேன். ஒரே அறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கசிவு இருக்கும்போது ஒருவர் தவறை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. மூன்று நாளில் 12 டியூன் என்றால் நாளைக்கு நான்கு. குழுவில் ஒருவர் டியூனைச் சரியாக அறியாமல் வந்தாலும் நால்வருடைய டேக்கும் (ஒரு முறை வாசித்துப் பதிவது) வீண். ஸ்டுடியோவுக்கு முன் இரண்டு நாள் ஒத்திகை இல்லையென்றால் பாஸை மட்டுமாவது தனியறையில், கண்ணாடி வழியே பார்க்கும்படி வையுங்கள். பாஸ் கசிவுதான் எல்லா மைக்கிலும் நுழைந்து கலவையைக் கலங்கடிக்கும்.

ஒத்திகை உண்டு என்றால் ஒரே அறை நல்லது, கிளிக் (காதில் தாளம் தட்டும் இயந்திர ஒலி) வேண்டாம். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நிமிடத்துக்கு மூன்று நான்கு தட்டு ஏறுவது இந்த இசைக்குப் பொருந்தும். டியூனுக்கு மூன்று டேக். நான்காவதிலிருந்து வில் கை இறுகத் தொடங்கும், வேறு டியூனுக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். டேக்குகளை ஒட்டுவதாக இருந்தால் பகுதிகள் மாறும் இடத்தில்தான் வெட்ட வேண்டும். வெட்டும் முன் இரண்டிலும் வில் ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள். ஒன்றில் இழுவில்லும் மற்றதில் தள்ளுவில்லும் இருந்தால் வேகம் ஒத்திருந்தாலும் ஒட்டு காதில் இடறும். யாராவது ஒருவர் வில் திசையைத் தாளில் குறித்து வைத்தால் எடிட்டிங் நேரம் பாதியாகும்.

தனியறையோ ஹெட்ஃபோனோ வந்தால், பிடில்காரருக்குக் கலவையை வலது காதுக்கு மட்டும் கொடுங்கள், இடது காது திறந்திருக்கட்டும். பிடில் இருப்பது அந்தப் பக்கம். இரண்டு காதையும் மூடினால் சுருதி நழுவும்.

இரட்டைப் பிடிலை அவரே இரண்டு முறை வாசிப்பதென்றால் இரண்டாவதற்கு வேறு பிடிலும் வேறு வில்லும் எடுக்கச் சொல்லி, நிற்கும் இடத்தை 30 செ.மீ. நகர்த்துங்கள். அதே பிடில், அதே இடம் என்றால் இரண்டு குரலாகக் கேட்காமல் ஒரே பிடில் வீங்கினது மாதிரி இருக்கும்.

உரிமக்கணக்கு:

பெயர் பழசாக இருந்தால் டியூனும் பழசு என்று எண்ண வேண்டாம். 'அஷோக்கன் ஃபேர்வெல்' அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து மெட்டு என்று பலர் நம்புகிறார்கள். அது ஜே உங்கர் 1982-ல் இயற்றியது. 'ஜெருசலேம் ரிட்ஜ்' புளூகிராஸ் இசைக்கலைஞர் பில் மன்றோவுடையது. 'ஆரஞ்ச் பிளாசம் ஸ்பெஷல்' இர்வின் ரவுஸ் 1938-ல் உரிமை பதிந்தது, இன்னும் காலாவதி ஆகவில்லை. 'சாலி குடன்', 'சோல்ஜர்ஸ் ஜாய்', 'லெதர் பிரிச்சஸ்' போன்றவை பொதுச்சொத்து. பொது டியூனிலும் ஒரு பொறி உண்டு. யாரோ ஒருவர் பிற்காலத்தில் சேர்த்த மூன்றாம் பகுதியை அப்படியே வாசித்தால் அந்தப் பகுதி அவருடையது. ஒவ்வொரு டியூனையும் யாரிடம் கற்றார், எந்தப் பதிவிலிருந்து எடுத்தார் என்று பிடில்காரரிடம் எழுதி வாங்குங்கள். அதுவே உறைக்குறிப்புக்கும் உதவும். டியூனின் மூலமும் சுருதியும் குறிப்பில் இருப்பது பிடில் ஆல்பங்களில் நல்ல மரபு.

உரிமை உள்ள டியூனுக்கு அனுமதி கெஞ்ச வேண்டியதில்லை. உரிமையாளர் சம்மதத்தோடு முன்பே ஒருமுறை வெளியான டியூனை யாரும் பதியலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் கட்டாய உரிமம் உண்டு. மெட்டின் அடிப்படை இயல்பை மாற்றக்கூடாது, விநியோகத்துக்கு முன்பே அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். சிடிக்கும் எல்பிக்கும் 2025-ன் விகிதம், ஐந்து நிமிடம் வரையுள்ள டியூனுக்குப் பிரதிக்கு 12.7 சென்ட். அது ஆண்டுதோறும் விலைவாசியோடு மாறும், அச்சிடும் ஆண்டின் விகிதத்தைப் பாருங்கள். அந்த விகிதத்தில் உங்கள் 800 பிரதிக்கு ஒரு டியூனுக்கு 101 டாலர் 60 சென்ட். அப்படி மூன்று டியூன் இருந்தால் 304 டாலர் 80 சென்ட். ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் சாங்ஃபைல் என்ற உரிமச் சேவை வழியாக இந்த அளவுக்கு எளிதாக வாங்கலாம். அமெரிக்க ஸ்ட்ரீமிங்குக்கு 2021-லிருந்து அந்தந்த நிறுவனங்களே எம்எல்சி (மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ்) வழியாகக் கட்டிவிடுகின்றன. சொந்தத் தளத்தில் விற்கும் டவுன்லோடுக்கு நீங்கள்தான் வாங்க வேண்டும். யூடியூபில் வீடியோ போடுவதற்கு இந்த உரிமம் எதுவும் செல்லாது, அதற்கு உரிமையாளரிடம் தனி அனுமதி.

இன்னொரு பணம் பலரிடம் தவறிப்போகிறது. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலிக்காக சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் வசூலிப்பதில் 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 5 சதவீதம் கூட வாசித்தவர்களின் நிதிக்கு. இதுவரை பக்கவாத்தியமாக இருந்தவர் இப்போதுதான் அந்த 45-க்கு உரியவராகிறார். அவர் பெயரில் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் அந்தப் பணம் அவர் கைக்கு வராது. எந்த டியூனில் யார் என்ன வாசித்தார் என்ற பட்டியலை ஸ்டுடியோவிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு டியூனுக்கும் பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்துள்ள ஐஎஸ்ஆர்சி எண் வேண்டும்.

ஒப்பந்தத்தில் மாஸ்டர் பதிவு (மூலப்பதிவு) யாருடையது, எத்தனை ஆண்டு கழித்துக் கலைஞருக்குத் திரும்பும், ஸ்டுடியோ செலவு யார் பங்கிலிருந்து கழியும் என்ற மூன்று வரியையும் ஆல்பம் தொடங்கும் முன் கேட்டு வாங்குங்கள்.

நான்காம்தடம்:

மிக்க நன்றி. ஒத்திகைக்கு இரண்டு நாள் உண்டு, அதனால் ஒரே அறை என்று முடிவு செய்கிறேன். பாஞ்சோவுக்குத் தடுப்பு. இரண்டாவது பிடிலுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: எல்பிக்கு டியூன்களை எந்த வரிசையில் அடுக்குவது? லேபிள் மிக வேகமான டியூனை ஆல்பத்தின் கடைசியில் கேட்கிறது.

ரிப்பன்44:

எல்பியில் அது வேண்டாம். இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறைதான் சுற்றும். ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும், உள் முடிவில் 21 செ.மீ.தான். அதே மேல் அலைவரிசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் செதுக்க வேண்டும். வேகமான டியூனில் பிடிலின் உச்ச ஒலியும் வில் வெட்டும் அங்கே கரகரக்கும். கேட்பவர் பிடில்காரரைத்தான் குறை சொல்வார். ஒவ்வொரு பக்கத்தையும் வேகமான டியூனில் தொடங்கி, வால்ட்ஸிலோ மெதுவான டியூனிலோ முடியுங்கள். உங்கள் டி-டி-ஏ-டி டியூன் இரண்டாம் பக்கத்தின் கடைசிக்குப் பொருத்தமானது. பக்கத்துக்கு ஆறு டியூன், 18 முதல் 20 நிமிடத்துக்குள். அதைத் தாண்டினால் இசைத்தட்டில் பள்ளம் வெட்டுபவர் ஒலி அளவைக் குறைத்தாக வேண்டும்.

சிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் லேபிள் கேட்ட வரிசையைத் தாராளமாகக் கொடுக்கலாம். எல்பிக்குத் தனி மாஸ்டர் செய்யும்போது வரிசைத் தாளும் தனியாகப் போகட்டும், உறையின் பின்புறம் அச்சுக்குப் போகும் முன் அந்தத் தாளோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

குதிரைசாயும்:

வரிசையைப் பதிவு நாள் அட்டவணையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் நாள் காலை ஏ-இ-ஏ-இ மூன்றும், மாலைக் கடைசியில் டி-டி-ஏ-டி. துணையில்லாத தனி டியூனை மூன்றாம் நாள் காலையில், மற்றவர்கள் வந்து சேரும் முன், அறை அமைதியாக இருக்கும்போது பதியுங்கள். குளிர்சாதனத்தை அந்த ஐந்து நிமிடம் மட்டும் அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஈரப்பதம் மாறிச் சுருதி நகரத் தொடங்கும்.